ஆன் ஆகுது, படம் வரல: லேப்டாப் திரை கறுப்பாகவே நின்றால் செய்ய வேண்டியவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் திரை கறுப்பாகிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோயில் கொடை போட்டோ, அப்பாவின் கடைக் கணக்கு எல்லாம் ஹார்டு டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. திரையில் வரும் கோளாறு அவற்றைத் தொடுவதில்லை. அவை அழிவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். பதற்றத்தில் யாராவது "ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்" என்று சொல்வார்கள் (ஃபார்மட் என்றால் டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது), நாமும் தலையாட்டிவிடுவோம்.

முதல்முறையாக லேப்டாப் வாங்கியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திருநெல்வேலியில் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கும், பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கும் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகளுக்கு லேப்டாப் பெரிய செலவு. வீட்டில் நகையை வைத்து வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. அது ஒருநாள் காலையில் கறுப்பாக நின்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். லேப்டாப் சர்வீஸ் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே அரைமணி நேரம் ஒதுக்கி வரிசையாகப் பார்த்தால், கோளாறு எங்கே என்று நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சரிசெய்ய முடியாவிட்டாலும், கடையில் என்ன சொல்ல வேண்டும், எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதாவது தெரிந்துவிடும்.

படம் எந்த இடத்தில் நிற்கிறது

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் மதர்போர்டு என்ற முக்கியப் பலகைக்குக் கரண்ட் போகிறது. அடுத்து பயாஸ் என்ற சின்ன மென்பொருள் எழுந்து ராம் (தற்காலிக நினைவகம்), கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. அது தாண்டினால்தான் டெல், எச்பி, லெனோவா என்று கம்பெனி லோகோ வரும். அப்புறம் டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறுகிறது. லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுவது அப்போதுதான். அதன்பின் பாஸ்வேர்டு பக்கம், கடைசியில் டெஸ்க்டாப்.

நெல்லை எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு எழும்பூர் போய்ச் சேரவில்லை என்றால், மதுரை தாண்டிவிட்டதா, விழுப்புரம் தாண்டிவிட்டதா என்றுதானே விசாரிப்போம். இங்கேயும் அதேதான். லோகோ வந்ததா, வரவில்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லோகோ தெளிவாக வந்து அதன்பின் கறுப்பானால் திரை நன்றாக இருக்கிறது, ராமும் வேலை செய்கிறது, சந்தேகம் விண்டோஸ் மேலும், திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் மேலும்தான். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அல்லது எழுந்தும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நிலையில் ஃபார்மட் அடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

பேட்டையிலிருந்து ஒரு பிள்ளை லேப்டாப்போடு வந்து நின்றது நினைவிருக்கிறது. "அண்ணாச்சி, கடையில விண்டோஸ் போயிட்டு, ஃபார்மட் அடிக்கணும்னு சொல்லுதாவ. நாளைக்கு எனக்கு வைவா. எல்லாம் அதுலதான் இருக்கு." ஆன் செய்து பார்த்தால் லோகோவே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் லோகோ வந்தது, பின்னாலேயே அந்தப் பிள்ளையின் ப்ராஜெக்டும் வந்தது. முந்தைய நாள் அந்தக் கடையில் சரி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

முதலில் கரண்ட்

லேப்டாப்பில் ஒரு லைட்கூட எரியவில்லை என்றால் அது திரைக் கோளாறு இல்லை, கரண்ட் கோளாறு. சுவிட்ச் போர்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஹாஸ்டலில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அறையே சார்ஜ் போடும், ஒரு ஓட்டை லூசாக இருப்பது சகஜம். அடாப்டரில் இரண்டு துண்டாக வரும் ஒயர் சேரும் இடத்தையும் அழுத்திப் பாருங்கள்.

வேறு ஒருவரின் சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் அடாப்டரின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டைப் சி சார்ஜர் என்றால் இன்னொரு விஷயம்: 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 18 வாட் போன் சார்ஜரைச் செருகினால் ஆன் ஆகாமலே கிடக்கலாம். லேப்டாப் செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு வந்து எடுத்த லேப்டாப் என்றால் பேட்டரி முழுசாக வற்றியிருக்கும். அரைமணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டு அப்புறம் பவர் பட்டனைத் தொடுங்கள்.

30 விநாடி

லைட் எரிகிறது, படம் இல்லை. அப்படியானால் செய்ய வேண்டிய முதல் வைத்தியம் இது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். மவுஸ், பென் டிரைவ், எச்டிஎம்ஐ ஒயர், மெமரி கார்டு, எது செருகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். பழைய மாடலில் பேட்டரியைக் கழற்ற முடியும் என்றால் அதையும் கழற்றுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டு பேட்டரியை மாட்டி, சார்ஜரை மட்டும் செருகி, ஆன் செய்யுங்கள். மதர்போர்டில் தங்கிய மிச்ச மின்சாரம் இறங்கி, சிக்கி நின்ற கண்ட்ரோலர் புதிதாகத் தொடங்குவதற்காகத்தான் இது. ஸ்லீப்பில் போட்டுவிட்டு மறுநாள் எழாமல் கிடக்கும் லேப்டாப்புகள் பல இதிலேயே எழுந்துவிடும். ஃபைல்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. சேமிக்காமல் திறந்து வைத்திருந்தது மட்டும் போகும்.

இதைச் செய்யக் கூடாத ஒரு நேரம் உண்டு. முந்தைய இரவு விண்டோஸ் அப்டேட் ஓடி ரீஸ்டார்ட் கேட்டிருந்தால், அதோடு பயாஸ் அப்டேட்டும் வந்திருக்கலாம். அப்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் வேகமாகச் சுற்றும். பொறுமை இல்லாமல் பவரை அமுக்கினால் பயாஸ் பாதியில் அறுந்து, லேப்டாப் உண்மையாகவே எழாமல் போய்விடும். சார்ஜரைச் செருகிவிட்டு இருபது நிமிடம் தள்ளி இருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் காலையில் பயாஸ் அப்டேட்டைத் தொடாமல் இருப்பதும் நல்லது. அதேபோல் டிடிஆர்5 ராம் உள்ள புது லேப்டாப்பில் ராம் மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் ஆக நிமிடக்கணக்கில் எடுக்கும். அதுவும் கோளாறு இல்லை.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க

ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே லேப்டாப் விழித்திருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விண்டோஸ் 11 எழும்போது ஒரு மெல்லிய ஒலி எழுப்பும், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். விளக்கும் மாறவில்லை, ஒலியும் இல்லை என்றால் லோகோவுக்கு முன்பே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விழித்திருக்கிறது என்று தெரிந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ ஐகானோ தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் எரியவில்லை. முதலில் பிரைட்னஸ் விசையை அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் திரையை மட்டும் அணைக்கும் விசை ஒன்று மேல்வரிசையில் இருக்கும், தெரியாமல் கை பட்டிருக்கலாம். அதிலும் வரவில்லை என்றால் பேக்லைட், அதன் ஒயர், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஃபியூஸ் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கும். கடையில் "டார்ச் அடிச்சா படம் தெரியுது" என்று சொன்னாலே போதும், வேலை தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

காந்தத்தையும் சந்தேகப்படுங்கள். மூடியை மூடியதும் திரை அணைவதற்காக லேப்டாப் ஓரத்தில் காந்தத்தை உணரும் சென்சார் வைத்திருக்கிறார்கள். காந்தப் பட்டன் வைத்த போன் கவரையோ, இன்னொரு லேப்டாப்பையோ அடியிலோ கைவைக்கும் இடத்திலோ வைத்தால், மூடி மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரையை அணைத்துவிடும். அதை நகர்த்தினால் வந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம் என்பதால் இதை யாரும் விட்டுவிடக் கூடாது.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது. கீல் உடைந்த லேப்டாப்பை டேப் ஒட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் ஒருநாள் வரும். கேபிள் மாற்றுவது பேனலை, அதாவது திரைப் பலகையை, மாற்றுவதைவிட மிகக் குறைந்த செலவு. கேபிள் கோளாறுக்குப் பேனல் மாற்றச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. லேப்டாப்பை அணைத்துவிட்டு, டி (D) விசையை அழுத்திக்கொண்டே பவர் பட்டனைத் தட்டினால், திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறி மாறிக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் பேனலில் குறை இல்லை.

வீட்டு டிவியே சோதனைக் கருவி

எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றைக் கடன் வாங்கியாவது டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவி ரிமோட்டில் சோர்ஸ் போய் சரியான எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லேப்டாப்பை ஆன் செய்து இரண்டு நிமிடம் விட்டு, விண்டோஸ் விசையோடு பி (P) விசையை ஒருமுறை அழுத்துங்கள். படம் வரவில்லை என்றால் கீழ் அம்பு விசையை ஒரு தட்டு, என்டர். மறுபடி முயலுங்கள். சில லேப்டாப்புகள் லோகோவையே டிவியில் காட்டும். சிலவற்றில் விண்டோஸ் ஏறிய பிறகுதான் டிவியில் படம் வரும். ஆகவே அவசரப்பட்டு ஒயரைப் பிடுங்க வேண்டாம்.

டிவியில் படம் வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஆனால் அடுத்த வேலை சரிசெய்வது இல்லை, முக்கியமான ஃபைல்களை பென் டிரைவுக்கோ கூகுள் டிரைவுக்கோ ஏற்றுவதுதான். அதை முடித்த பிறகு மற்றது. டிவியில் வருகிறது, லேப்டாப் திரையில் லோகோ நேரத்தில்கூட எதுவும் இல்லை என்றால் கோளாறு பேனலிலோ கேபிளிலோ. பணம் கைக்கு வரும்வரை டிவியோடு சேர்த்தே வேலையை ஓட்டலாம்.

டிவியிலும் இல்லை, லோகோவும் இல்லை

இப்போது மதர்போர்டு சொல்லும் சைகையைக் கவனிக்க வேண்டும். படம் காட்ட முடியாதபோது பல லேப்டாப்புகள் விளக்கு மினுக்கியோ பீப் ஒலித்தோ காரணத்தைச் சொல்லும். எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். டெல்லில் பவர் அல்லது பேட்டரி விளக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாக மினுக்கும். போனில் வீடியோ எடுத்து, பிறகு நிதானமாக எண்ணுங்கள். டெல்லின் பல மாடல்களில் 2 ஆரஞ்சு, 3 வெள்ளை என்றால் ராம் கிடைக்கவில்லை, 2 ஆரஞ்சு, 4 வெள்ளை என்றால் ராம் பழுது, 2 ஆரஞ்சு, 7 வெள்ளை என்றால் திரை. உங்கள் மாடல் பெயரோடு அந்த எண்ணிக்கையைக் கம்பெனி தளத்தில் தேடினால் விவரம் கிடைக்கும். இந்த வீடியோவை அழிக்காதீர்கள், கடையிலும் காட்டலாம்.

ஃபேன் சுற்றி நின்று சுற்றி நின்று வந்தால், அல்லது சைகை ராம் என்று சொன்னால், ராமைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. இதில் ஒரு நிபந்தனை: வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், உங்கள் பணத்துக்கு அவர்கள் வந்து பார்க்கட்டும். வாரண்டி முடிந்திருந்தால், ஸ்டார் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க பயமும் இல்லை என்றால், தொடருங்கள்.

சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பைத் துணி விரித்த மேஜையில் கவிழ்த்து, பின்மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, எந்த ஸ்குரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று தெரிகிற மாதிரி தாளில் வரிசையாக வையுங்கள். நீளம் மாறி மாட்டினால் கீபோர்டுப் பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக் கூடாது. ஜன்னல் கம்பி போன்ற பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பின் ஸ்டேட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். ராமின் இரு பக்கமும் இருக்கும் சிறு கிளிப்களை வெளிப்பக்கம் தள்ளினால் ராம் தானாகச் சாய்ந்து மேலே எழும்பும், அப்படியே இழுத்துவிடலாம்.

அதன் கீழ்விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அவற்றைத் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பரால் தேய்ப்பதும் கடைகளில் வழக்கம்தான், ஆனால் ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழக் கூடாது. பிறகு சாய்வாகச் செருகி, பற்கள் மறையும்வரை தள்ளி, கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கமும் கிளிப் டக்கென்று பிடிக்க வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள், அப்புறம் மற்றதை. எது மாட்டினால் படம் போகிறதோ அதுதான் குற்றவாளி. மெலிந்த மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அங்கே நமக்கு வேலை இல்லை.

எச்பி லேப்டாப்பில் பயாஸ் கெட்டிருக்கும் என்ற சந்தேகம் வந்தால் ஒரு முயற்சி செய்யலாம். சார்ஜரைச் செருகி, லேப்டாப் அணைந்த நிலையில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்து அழுத்தியபடியே பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விடுங்கள். மற்ற இரண்டு விசைகளை மட்டும் விடாமல் பிடித்திருங்கள். பயாஸை மீட்கும் பக்கம் வந்தால் அதிர்ஷ்டம். இதற்கு மேல் போனால் போர்டு வேலை, அது வீட்டில் ஆகாது.

லோகோ வருகிறது, அப்புறம் கறுப்பு

இங்கே திறக்க வேண்டிய ஸ்குரூ எதுவும் இல்லை. முதலில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பீப் கேட்டு, திரை மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர் புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள். பல நேரம் இதிலேயே டெஸ்க்டாப் வந்துவிடும்.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால் அதில் ரன் நியூ டாஸ்க் என்பதைத் திறந்து எக்ஸ்ப்ளோரர் (explorer) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். டெஸ்க்டாப் தோன்றிவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால் ரிப்பேர் பக்கத்துக்குப் போக வேண்டும். ஆன் செய்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறை விட்டுவிடுங்கள், விண்டோஸ் தானாகவே ஆட்டோமேடிக் ரிப்பேர் பக்கத்தைக் கொண்டுவரும். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், வரும் பட்டியலில் 4 அழுத்தினால் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழும். சேஃப் மோடில் எழுத்து பெரிதாக, படம் சப்பையாக இருக்கும், பயப்பட வேண்டாம். இங்கேயும் முதல் வேலை ஃபைல்களை நகலெடுப்பது. அப்புறம் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து, டிரைவரை ரோல் பேக் செய்யுங்கள். ரோல் பேக் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்டேட் ஓடிய மறுநாளே கோளாறு வந்தது என்றால், ரிப்பேர் பக்கத்திலேயே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது, அதில் கடைசி அப்டேட்டை நீக்கலாம்.

அதே பக்கத்தில் ரீசெட் திஸ் பிசி என்றும் ஒன்று இருக்கும். அது கடைசி ஆயுதம். அதில் கீப் மை ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தால் ஃபைல்கள் இருக்கும், நாம் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தொட்டால் எல்லாமே போய்விடும். நகல் எடுக்காமல் இரண்டின் பக்கமும் போகாதீர்கள்.

சரியான பிறகு, ஷட் டவுன் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் கறுப்பு வந்து, ரீஸ்டார்ட்டில் மட்டும் ஒழுங்காக வருகிறதென்றால் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.

2011ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பை இன்னும் தம்பி தங்கைக்காக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதில் லினக்ஸ் ஏற்றி ஓட்டுகிறவர்கள், ஆன் ஆகும்போது வரும் க்ரப் (GRUB) என்ற தொடக்கப் பட்டியலில் இ (E) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள். திரை கார்டின் டிரைவரால் வந்த கறுப்பு என்றால் படம் வந்துவிடும். அந்த லேப்டாப்புகளில் பேட்டரி செத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் பலன் தரும்.

48 இலக்கச் சாவி

இதை லேப்டாப் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பல, நாம் கேட்காமலே டிஸ்கைப் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டி வைத்திருக்கின்றன. சேஃப் மோடுக்குப் போனாலோ, பயாஸ் மாறினாலோ, போர்டு மாற்றினாலோ, டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ 48 இலக்கம் கொண்ட ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது.

அந்தச் சாவி, லேப்டாப்பை முதன்முதலில் செட் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாங்கிய கடையிலேயே செட் செய்துகொடுக்கும்போது யாருடைய மெயிலைப் போட்டார்கள் என்று பிள்ளைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. இன்றைக்கே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் திறந்து அது உங்கள் மெயில்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மெயிலுக்கு மாற்றுங்கள். பிறகு போனில் அந்தக் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லேப்டாப் பையிலேயே அந்த நோட்டை வைக்க வேண்டாம்.

மழை, உப்பு, தூசி

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஆறு, திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது எத்தனையோ லேப்டாப்புகள் நனைந்தன. தண்ணீரில் நனைந்த லேப்டாப்பை ஆன் ஆகிறதா என்று பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. ஈரத்தோடு கரண்ட் ஓடினால் போர்டில் ஷார்ட் ஆகும். சார்ஜரைப் பிடுங்கி, பவரை அழுத்தி அணைத்து, கவிழ்த்து வைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டையில் வைப்பதும், சித்திரை வெயிலில் காய வைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் வேண்டாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஆற்று வண்டல் தங்கிப் போர்டை அரிக்கும், திறந்து கழுவித்தான் ஆக வேண்டும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் ராம் பற்களும் கேபிள் கனெக்டர்களும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். அங்கிருந்து வரும் லேப்டாப்பில் படம் வரவில்லை என்றால் முதலில் ராமைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பேன். ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம், பணகுடிப் பக்கம் பறக்கும் மண்ணும், பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூளும் ஃபேனில் சேர்ந்து சூட்டை ஏற்றும். பாயிலும் மெத்தையிலும் வைத்து ஓட்டினால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். சூடாகும்போது மட்டும் திரை கறுத்து, ஆறியதும் வருகிற லேப்டாப்புக்கு முதலில் தூசி தட்டச் சொல்லுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் டவுனிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "படம் வரல" என்று மட்டும் சொல்லாமல், லோகோ வருகிறதா, கேப்ஸ் லாக் மாறுகிறதா, டிவியில் வந்ததா, டார்ச்சில் தெரிந்ததா என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் ஏமாற வாய்ப்பு குறைவு.

பேனல், கேபிள், கீல், போர்டு இவற்றில் எந்த வேலைக்கும் உங்கள் ஃபைல்கள் தேவையில்லை. எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்கோ கழற்றக்கூடியதாக இருந்தால், உங்கள் கண் முன்னாலேயே கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு லேப்டாப்பை விட்டுவிட்டு வாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். அதை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு நண்பரின் கம்ப்யூட்டரில் செருகினால், பிட்லாக்கர் சாவியோடு ஃபைல்கள் திறக்கும். கேஸ் வாங்கும்போது டிஸ்கையும் கொண்டுபோங்கள், 2.5 அங்குல டிஸ்குக்கும் பட்டை போல மெலிந்த எம்.2 வகைக்கும் வேறு வேறு கேஸ்.

கழற்ற முடியாது என்றால் ரசீதில் மாடல், சீரியல் எண், ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று எழுதச் சொல்லி, "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து பாருங்கள். வைஃபை ஆன்டெனா ஒயரும் கேமரா ஒயரும் பெரும்பாலும் திரையைச் சுற்றிக் கீல் வழியாகத்தான் போகின்றன. பேனல் மாற்றும்போது அவை நசுங்குவதோ கழன்றுபோவதோ உண்டு. ஆகவே வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, மைக் கேட்கிறதா என்று பார்த்து, மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடி, அதன்பின் பணத்தைக் கொடுங்கள்.